மதுரையில் இவ்வளவு குஜராத்திகளா?

டீச்சரைக் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

சென்சஸ் கணக்கை வைத்து எந்த மொழிக்காரர்கள் எங்கெங்கே இருக்கிறார்கள் என்று படம் போட்டுப் பார்க்கலாம் என்று போன மாதம் இந்தப் பகுதியில் நாலு வரி எழுதினேன். அவ்வளவுதான், கடிதங்கள் குவிந்துவிட்டன. பாதிப் பேருக்குப் படம் போட ஆசை. மீதிப் பேருக்குத் தங்கள் ஆட்களைப் படத்தில் காணோமே என்ற கோபம். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள், சென்சஸ் டியூட்டிக்கும் அலைந்தவள் என்ற தைரியத்தில் பதில் சொல்கிறேன்.

கே.ஆர்., திருப்பாலை: டீச்சர், நான் எம்.ஏ. புவியியல் படிக்கிறேன். 2011 சென்சஸின் மொழிக் கணக்கை எடுத்து மதுரை மாவட்டத்துக்கு வரைபடம் போட்டேன். அதில் குஜராத்தி என்று பெரிய எண்ணிக்கை வந்து நிற்கிறது. மதுரையில் இவ்வளவு குஜராத்திகளா? எங்கள் சார், “டவுன்ஹால் ரோட்டுச் சேட்டுகளா இருக்கும்” என்கிறார்.

டவுன்ஹால் ரோட்டுச் சேட்டுகளோடு அவர்களுடைய சம்பந்தி வீட்டாரையும் சேர்த்து எண்ணினாலும் அந்த எண்ணிக்கை வராதும்மா. நீங்கள் வர்ணம் தீட்டியது சௌராஷ்டிரர்களுக்கு. முனிச்சாலை, காமராசர் சாலை, மகாலைச் சுற்றிய தெருக்கள், அனுப்பானடி, நிலையூர் கைத்தறி நகர் என்று நாம் அன்றாடம் பார்த்துப் பேசிப் பழகுகிற ஜனங்கள்தான் உங்கள் படத்தில் குஜராத்திகளாக வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

எப்படி வந்தார்கள் என்று சொல்கிறேன். சென்சஸில் தாய்மொழி என்ன என்று கேட்டால், ஆள் சொல்வதை அப்படியே எழுத வேண்டும். 2011-ல் அப்படி நாடு முழுக்க வந்து விழுந்த பெயர்கள் 19,569. எழுத்துப்பிழை, ஊர்ப்பெயர், சாதிப்பெயர், தொழிற்பெயர் எல்லாம் அதில் கலந்து கிடக்கும். அதைச் சலித்து 1,369 தாய்மொழிகள் என்று பிரித்தார்கள். அப்புறம் உறவுமுறை பார்த்து ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்கியதில் மிஞ்சிய மொழிகள் 121. அப்படி அடுக்கும்போது சௌராஷ்டிரம் போய்ச் சேர்ந்த இடம் குஜராத்தி. இது இன்று நேற்றுச் செய்த காரியமும் இல்லை. நூறு வருஷத்துக்கு முன்னால் இந்திய மொழிகளைக் கணக்கெடுத்த கிரியர்சனும் ‘பட்ணூலி’யை, அதாவது சௌராஷ்டிர மொழியை, குஜராத்திப் பகுதியில் வைத்துத்தான் பேசினார்.

மொழியியல்காரர்களுக்கு அது சரியாகவே இருக்கட்டும். படம் போடுகிறவருக்கு இது நல்ல கண்ணி. 2011-ல் தமிழ்நாட்டில் குஜராத்தி என்ற தலைப்பின்கீழ் வருகிறவர்கள் 2,75,023 பேர். அதில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 2,38,556 பேர். நூற்றுக்கு 86 பேருக்கு மேல்! இந்தியா முழுவதும் சேர்த்தே சௌராஷ்டிரர் 2,47,702 தான். ஆக, தமிழ்நாட்டுப் படத்தில் ‘குஜராத்தி’ என்று எங்கே வர்ணம் அடர்ந்து நின்றாலும், முதலில் சந்தேகப்பட வேண்டியது தறிக்காரர் தெரு இருக்கிறதா என்று. நாயக்கர் காலத்தில் மதுரைக்கு வந்து குடியேறியதாக வழிவழியாகச் சொல்லிவருகிறவர்கள் அவர்கள். நகைக்கடை வீதிக் குஜராத்தியும் மகால் தெருச் சௌராஷ்டிரரும் அவரவர் வீட்டுப் பேச்சில் பேச ஆரம்பித்தால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முழிக்க வேண்டியதுதான்.

இப்போது உங்கள் எக்செல் கோப்பைத் திறங்கள். தாய்மொழி அட்டவணைக்கு சி-16 என்று பெயர். அதில் ஒவ்வொரு வரிக்கும் ஆறு இலக்கக் குறியீடு இருக்கும். கடைசி மூன்று இலக்கம் சைபராக இருந்தால் அது தலைப்பு வரி, அதாவது கூட்டுத்தொகை. அதற்குக் கீழே வருபவைதான் தாய்மொழிகள். நீங்கள் தலைப்பு வரியை மட்டும் வடிகட்டி எடுத்திருக்கிறீர்கள். வேறு சிலர் இரண்டையும் கூட்டிவிட்டு, மாவட்ட ஜனத்தொகை ஏன் இரட்டித்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். தலைப்பை விட்டுவிடுங்கள், கீழ்வரியைப் படியுங்கள். ‘இந்தி’ என்ற தலைப்புக்கும் இதே வைத்தியம்தான். அதற்குள் மார்வாரி, ராஜஸ்தானி, போஜ்புரி என்று ஐம்பதுக்கு மேல் ஒளிந்திருக்கின்றன. உங்கள் சார் சொன்ன சேட்டுகளில் பாதிப் பேர் அங்கேதான் இருப்பார்கள், குஜராத்தியில் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சூப்பர்வைசராக இருந்தபோது மகால் பக்கத்து வீடு ஒன்றின் படிவத்தைச் சரிபார்த்தேன். ஒரே மாடிப்படி, ஒரே அடுப்பு. பாட்டிக்கு ‘பட்டுநூல்’ என்று எழுதியிருக்கிறது. மகனுக்கு ‘சௌராஷ்டிரா’. இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பேத்திக்குத் ‘தமிழ்’. கணக்கெடுக்கப் போன பையனைக் கூப்பிட்டுக் கேட்டால், “அவங்கவங்க சொன்னதைத்தான் எழுதினேன் டீச்சர்” என்கிறான். அவன் செய்தது முழுக்க முழுக்கச் சரி. கணக்கெடுப்பவர் தானாக ஊகித்து எழுதக் கூடாது, வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பதுதான் விதி. ஆனால் அந்த மூன்று பேரும் அட்டவணையில் எந்தெந்த வரியில் போய் விழுவார்கள் என்பது பெயரைச் சலிக்கிற ஆபீசின் கையில்.

அதனால்தான் எண்ணிக்கை ஏறி இறங்கும். 2001-ல் நாடு முழுக்கச் சௌராஷ்டிரர் 1,85,420. பத்தே வருஷத்தில் 2,47,702. மூன்றில் ஒரு பங்கு கூடிவிட்டது. அதே பத்து வருஷத்தில் தமிழ்நாட்டின் மொத்த ஜனத்தொகை கூடியது 15.6 சதவீதம். பிள்ளை பிறந்து மட்டும் இப்படிக் கூடாது. எத்தனை பேர் எந்தப் பெயரைச் சொன்னார்கள், அது எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் இந்த ஏற்றத்துக்குள் இருக்கிறது. இரண்டு வருஷத்துப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து “சமூகம் பரவுகிறது” என்று தீசிஸில் எழுதிவிடாதீர்கள்.

பி.எஸ்., கள்ளிக்குடி: எங்கள் தாலுகாவில் தெலுங்கு பேசுபவர் எத்தனை பேர் என்று தேடினேன். 2011 கணக்கில் கள்ளிக்குடியே இல்லையே?

எப்படி இருக்கும்? 2011-ல் மதுரை மாவட்டத்துக்கு ஏழு தாலுகாக்கள்தான்: மதுரை வடக்கு, மதுரை தெற்கு, மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டி, பேரையூர், திருமங்கலம். கள்ளிக்குடி, திருப்பரங்குன்றம், மதுரை கிழக்கு, மதுரை மேற்கு நான்கும் அப்புறம் பிறந்தவை. உங்கள் ஊர்க்காரர்கள் அந்தக் கணக்கில் திருமங்கலத்தோடு இருக்கிறார்கள். தாய்மொழிக் கணக்கைக் கிராமவாரியாக வெளியிடுவதில்லை, ஆகவே அதிலிருந்து உங்களைப் பிரித்தெடுக்கவும் வழியில்லை.

இன்றைக்கு இணையத்தில் கிடைக்கிற பதினோரு தாலுகா எல்லைக்கோட்டை எடுத்து, அதன் மேல் 2011 கணக்கை ஒட்டினால் நான்கு தாலுகா வெள்ளையாக நிற்கும். சிலர் அதைச் ‘சிறுபான்மையினர் இல்லாத பகுதி’ என்று படித்துவிடுகிறார்கள்! கணக்கு எந்த வருஷமோ, எல்லையும் அந்த வருஷத்ததாக இருக்க வேண்டும். மாநகராட்சிக்கும் இதே கதைதான். 2011 சென்சஸில் மதுரை 72 வார்டு. அவனியாபுரம், திருப்பரங்குன்றம், ஆனையூர், விளாங்குடி எல்லாம் சேர்ந்து 100 வார்டு ஆனதெல்லாம் சென்சஸுக்காக எல்லைகளை உறைய வைத்த தேதிக்குப் பிறகு. அன்றைய 40-ஆம் வார்டும் இன்றைய 40-ஆம் வார்டும் ஒரே இடமாக இருந்தால் அது தற்செயல்.

இன்னும் பின்னால் போகிறவர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். 1931 கணக்கில் ‘மதுரா ஜில்லா’ என்பது திண்டுக்கல்லும் பெரியகுளமும் பழனியும் கொடைக்கானலும் சேர்ந்தது. 1985-ல் திண்டுக்கல் பிரிந்தது, 90-களில் தேனி பிரிந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் கன்னடமும் தெலுங்கும் பேசுகிற ஊர்களெல்லாம் அப்போதுதான் மதுரைக் கணக்கை விட்டுப் போயின. ஒரு வீடுகூட நகரவில்லை, மதுரையின் படம் மட்டும் மாறிவிட்டது.

வி.என்., தெப்பக்குளம்: வார்டுவாரியாகச் சௌராஷ்டிரர் எண்ணிக்கை எங்கே கிடைக்கும்?

வெளியிட்ட கணக்கில் கிடைக்காது. வார்டு அளவில் கிடைப்பது தலைக்கணக்கு, ஆண் பெண், ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகள், எழுத்தறிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர், என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது. மொழிக் கணக்கு மாவட்டம், தாலுகா என்று மேல்மட்டத்தோடு நின்றுவிடுகிறது.

கெட்டிக்காரர்கள் சுற்றுவழி ஒன்று வைத்திருக்கிறார்கள். வேலைக் கணக்கில் ‘வீட்டுத் தொழில்’ என்று ஒரு பத்தி உண்டு. தறி ஓடுகிற, சுங்குடி முடிச்சுப் போடுகிற வார்டுகளில் அது தூக்கலாகத் தெரியும். அதை வைத்துச் சௌராஷ்டிரர் இருக்கிற இடத்தை ஊகிப்பார்கள். என் அபிப்பிராயம் கேட்டால், ஐம்பது வருஷத்துக்கு முன்னால் இது செல்லுபடியாகியிருக்கும். இன்றைக்குச் சௌராஷ்டிர வீடுகளில் பேங்க் ஆபீசரும் டாக்டரும் ஜவுளிக்கடை முதலாளியும்தான் அதிகம் கண்ணில் படுகிறார்கள். முடிச்சுப் போடுகிற கையும் எல்லாச் சமூகத்துப் பெண்களின் கையாகிவிட்டது. அப்பளம் போடுகிற வீடும் பீடி சுற்றுகிற வீடும் அதே பத்தியில்தான் வருகின்றன. தொழிலுக்குப் படம் போட்டுவிட்டுச் சமூகத்தின் பெயரை ஒட்டாதீர்கள்.

எம்.ஏ., கோரிப்பாளையம்: மதுரையில் முஸ்லிம்கள் இருக்கிற இடத்தைக் காட்ட உருதுக் கணக்கை எடுத்துக்கொள்ளலாமா? ஒரு பத்திரிகைப் படத்தில் அப்படித்தான் போட்டிருந்தார்கள்.

கூடவே கூடாது. தமிழ்நாட்டில் 2011-ல் முஸ்லிம்கள் 42,29,479 பேர். உருதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 12,64,537 பேர். அத்தனை பேரையும் முஸ்லிம் என்றே வைத்துக்கொண்டாலும் மூன்றில் ஒரு பங்கு தேறவில்லை. மிச்சப் பேருக்குப் பெரும்பாலும் தமிழ்தான் தாய்மொழி. இது உங்களுக்குத் தெரியாததா என்ன, ராவுத்தர் வீட்டுக் கல்யாணத்தில் போய் நின்றால் காதில் விழப்போவது தமிழ்தானே. மதத்துக்குத் தனி அட்டவணை இருக்கிறது. அதை எடுக்காமல் மொழியை எடுப்பது சோம்பேறித்தனம்.

ஆர்.கே., திருமங்கலம்: தமிழ்நாட்டில் தெலுங்கர்கள் 40 சதவீதம் என்று வாட்ஸ்அப்பில் வருகிறது. சென்சஸ் 6 சதவீதம்கூட இல்லை என்கிறது. எது பொய்?

வாட்ஸ்அப். சென்சஸில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 42,34,302 பேர், 5.87 சதவீதம். 40 சதவீதம் என்பவர்கள் தெலுங்கு பேசுகிறவர்களை எண்ணுவதே இல்லை. எந்தச் சாதியின் கொள்ளுத்தாத்தா எங்கிருந்து வந்தார் என்று மனக்கணக்குப் போடுகிறார்கள். அப்படி எண்ண ஆரம்பித்தால் எங்கே நிறுத்துவது? விஜயநகரக் காலத்திலும் நாயக்கர் காலத்திலும் வந்தவர்களில் பலர் இன்று வீட்டுக்குள்ளும் தமிழே பேசுகிறார்கள். பிள்ளைக்குத் தாய் பேசிய மொழி தமிழ் என்றால் சென்சஸுக்கு அவன் தமிழன். தெலுங்கு பேசிக்கொண்டே “எதற்கு வம்பு” என்று தமிழ் எனச் சொல்லிவிடுகிறவர்களும் உண்டு, அதனால் உண்மை 5.87-ஐவிடக் கொஞ்சம் கூடவே இருக்கலாம். 40 ஆகாது.

சாதியைத் தொட்டதால் ஒரு வரி. எல்லாச் சாதிகளுக்கும் அட்டவணை வெளிவந்த கடைசி சென்சஸ் 1931. அடுத்தது 2027-ல் வரவிருக்கிறது. இடைப்பட்ட காலத்துக்கு யார் சாதிப் படம் காட்டினாலும் “கணக்கு எங்கிருந்து?” என்று கேளுங்கள்.

டி.ஜே., நாகமலை: புள்ளி வரைபடம் போட்டேன், ஒரு புள்ளிக்கு நூறு பேர். அழகர்மலைக் காட்டுக்குள்ளும் வைகை மணலிலும் மலையாளிகள் குடியிருப்பதாகக் காட்டுகிறது. க்யூஜிஐஎஸ் மென்பொருளில் கோளாறா?

மென்பொருள் பாவம், சொன்னதைச் செய்திருக்கிறது. ஒரு தாலுகாவுக்குள் இத்தனை புள்ளி என்று நீங்கள் சொன்னீர்கள், அது கண்ணை மூடிக்கொண்டு தாலுகா முழுக்கத் தூவிவிட்டது. காடு, கண்மாய், ஆறு, மலைப்பாறை எதுவும் அதற்குத் தெரியாது. முதலில் அதையெல்லாம் தாலுகா எல்லையிலிருந்து வெட்டி எடுங்கள். வனத்துறை எல்லையும் நீர்நிலைகளும் தனி அடுக்காகக் கிடைக்கின்றன. மிச்சமிருக்கிற குடியிருப்புப் பகுதிக்குள் மட்டும் தூவச் சொல்லுங்கள். அப்போதும் அது அந்த ஆள் நிற்கிற இடம் ஆகாது. படத்தின் கீழே “புள்ளி வீட்டைக் குறிக்காது” என்று கொட்டை எழுத்தில் போட்டுவிடுங்கள். புள்ளியைப் பார்த்தால் ஜனங்கள் தங்கள் தெருவைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

புள்ளி வேண்டாம், வர்ணம் தீட்டுகிறேன் என்பவர்களுக்கு: தலை எண்ணிக்கைக்கு வர்ணம் தீட்டாதீர்கள், சதவீதத்துக்குத் தீட்டுங்கள். எண்ணிக்கைக்குத் தீட்டினால் ஜனத்தொகை பெருத்த தாலுகாவே பெரும்பாலான மொழிகளுக்கு முன்னால் வந்து நிற்கும்.

எஸ்.டி., உச்சப்பட்டி: எங்கள் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர்களை எந்தப் படத்திலும் காணோமே?

மொழிப் படத்தில் தேடினால் கிடைக்க மாட்டீர்கள், தமிழ்க் கடலில் கலந்துவிடுவீர்கள். பிறந்த இடத்துக்குத் தனி அட்டவணை உண்டு, அதில் இலங்கையில் பிறந்தவர்கள் வருவார்கள். ஆனால் உச்சப்பட்டியிலும் ஆனையூரிலும் முகாமுக்குள்ளேயே பிறந்து வளர்ந்து இன்று பிள்ளை குட்டியோடு இருக்கிற தலைமுறைக்குப் பிறந்த இடம் மதுரை மாவட்டம். அவர்கள் அந்த அட்டவணையிலும் வர மாட்டார்கள். முகாம்களுக்கு மறுவாழ்வுத் துறை வைத்திருக்கும் பதிவுதான் கணக்கு, சென்சஸ் உதவாது.

பெயர் வேண்டாம், மேலூர்: பழங்குடியினர் வரைபடத்தில் நரிக்குறவர் ஏன் இல்லை?

2011-ல் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. நரிக்குறவர், குருவிக்காரர் இருவரையும் தமிழ்நாட்டின் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்துக்கு 2023 ஜனவரியில்தான் ஒப்புதல் கிடைத்தது. 2011-ல் மாநிலம் முழுக்கப் பழங்குடியினர் 7,94,697 பேர், 1.1 சதவீதம். அடுத்த கணக்கில் சில ஊர்களில் இது திடீரென்று எகிறும். பாசிமணி விற்கிற குடும்பங்கள் அதே குடியிருப்பில் அதே இடத்தில்தான் இருப்பார்கள். அதைப் பார்த்து “பழங்குடியினர் இடப்பெயர்ச்சி” என்று யாராவது கட்டுரை எழுதினால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.

அவர்கள் பேசும் வாக்ரிபோலி மொழிப் படத்தில் தெரியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நாடு முழுக்கப் பத்தாயிரம் பேருக்குக் குறைவாகச் சொன்ன மொழிகளை ‘மற்றவை’ என்ற மூட்டைக்குள் கட்டிவிடுவது 1971-லிருந்து வழக்கம். அதற்கு முன்னால் 1961-ல் 1,652 தாய்மொழிகளைப் பெயர் சொல்லி அச்சிட்டார்கள். சின்ன மொழிகளைத் தேடுகிறவர்கள் அந்தப் பழைய தொகுதிகளைத் தேடிப் பிடியுங்கள்.

ஜி.பி., எல்லீஸ் நகர்: யார் எங்கே இருக்கிறார்கள் என்று படம் போடுவதே ஊரைப் பிரிக்கிற வேலை. இதற்கு நீங்கள் வேறு வழிகாட்டுகிறீர்கள்!

உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. தெருவாரியாக இன்ன சாதி, இன்ன மதம் என்று படம் கேட்டும் இரண்டு கடிதம் வந்திருக்கிறது. அவற்றுக்குப் பதில் கிடையாது. கலவரக்காரனுக்கு வழி காட்டுவதைத் தவிர அந்தப் படத்தால் வேறு பிரயோஜனம் இல்லை. 1948-ஆம் வருஷத்துச் சென்சஸ் சட்டம் தனி ஆளின் படிவத்தை யாரும் பார்க்கக் கூடாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் எடுக்கக் கூடாது என்று பூட்டிவைத்திருப்பதும் இதற்காகத்தான்.

ஆனால் படமே வேண்டாம் என்றால் நஷ்டப்படுவது சின்ன ஜனம்தான். தாய்மொழியில் ஆரம்பக் கல்விக்கு வசதி செய்து தர வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 350-ஏ பிரிவு சொல்கிறது. ஒரு பள்ளியில் 40 பிள்ளைகள் அல்லது ஒரு வகுப்பில் 10 பிள்ளைகள் இருந்தால் ஆசிரியர் தர வேண்டும் என்பது 1949-லிருந்து இருக்கிற ஏற்பாடு. ஒரு தாலுகாவிலோ நகராட்சியிலோ 15 சதவீதத்துக்கு மேல் ஒரு மொழி பேசினால், முக்கியமான அரசு அறிவிப்புகளை அந்த மொழியிலும் வெளியிட வேண்டும் என்று மொழிச் சிறுபான்மையினர் பாதுகாப்புத் திட்டம் சொல்கிறது.

அந்த 15 சதவீதத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். முனிச்சாலைப் பக்கம் நாலு தெருவை மட்டும் எண்ணினால் சௌராஷ்டிரம் பாதிக்கு மேல் தேறும். அதையே மதுரை தெற்குத் தாலுகா முழுவதிலும் போட்டு வகுத்தால்? 2011-ல் அந்தத் தாலுகாவுக்குள் பழைய நகரமும் இருந்தது, திருப்பரங்குன்றம் பக்கத்துக் கிராமங்களும் இருந்தன. பெரிய அண்டாவில் ஒரு கரண்டி உப்பு. வகுக்கிற எல்லை பெரிதானால் ஒரு சமூகம் அப்படியே கரைந்துவிடும், சிறிதானால் மேலே வந்துவிடும். எல்லையைப் போடுகிறவர்களுக்கு இது தெரியும். பாதிக்கப்படுகிறவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும் என்றுதான் இந்தப் பக்கத்தை எழுதுகிறேன்.

டி.எல்., கம்பம்: வீட்டில் கன்னடம் பேசுகிறோம். எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் போன தடவை தமிழ் என்றே சொல்லிவிட்டோம். சரிதானே?

சரியில்லை. எழுதத் தெரியுமா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சின்ன வயதில் அம்மா உங்களிடம் பேசிய மொழி எது என்பது மட்டும்தான் கேள்வி. உங்களைப் போல ஆயிரம் வீடு இப்படிச் சொன்னால் தேனி மாவட்டப் படத்தில் கன்னடம் வெளிறிப்போகும்.

வாசகி, முனிச்சாலை: அடுத்த சென்சஸ் எப்போது? என் மகன் தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்திருக்கிறான். பேரனுக்குத் தாய்மொழி சௌராஷ்டிரா என்றுதான் நான் சொல்வேன். மருமகள் தமிழ் என்கிறாள். வீட்டில் சண்டை.

தலைகளை எண்ணுவது 2027 பிப்ரவரியில். மார்ச் 1 நள்ளிரவில் யார் எங்கே இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. இந்த முறை காகிதம் கிடையாது, மொபைல் ஆப். நாமே பதிவு செய்துகொள்ளவும் வழி வைத்திருக்கிறார்கள்.

சண்டையில் நான் மருமகள் பக்கம். பாட்டி கொஞ்சிய மொழியும் அப்பா பேசிய மொழியும் கணக்கில் வராது, அம்மா அவனிடம் பேசியது எதுவோ அதுதான் தாய்மொழி என்பது 2011 விதி. அவள் தமிழில் பேசி வளர்த்திருந்தால் தமிழ். ஆனால் அதே படிவத்தில் அடுத்தாற்போல ‘தெரிந்த பிற மொழிகள்’ என்று இரண்டு மொழிக்கு இடம் இருந்தது. பையன் உங்களோடு சௌராஷ்டிரத்தில் சரளமாகப் பேசுகிறான் என்றால் அங்கே முதலாவதாக அதைச் சொல்லுங்கள். பள்ளிக்கூட இங்கிலீஷ் இரண்டாவதாக வரட்டும். அந்தக் கணக்கும் சி-17 என்று தனியாக வெளியாகிறது. மருமகளும் உங்களிடமிருந்து மொழியைக் கற்றுக்கொண்டிருந்தால் அவளுக்கும் சேர்த்துச் சொல்லலாம். அதை மட்டும் அவளிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.